உலக செஸ் சாம்பியன்கள் ஆடிய விதமும் நான் தோற்ற விதமும்

இந்த மாதச் சுவர் இதழில் எனக்கு ஒரு முழு சார்ட் கொடுத்திருக்கிறார்கள். அப்படியும் இடம் பத்தாமல் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் கிட்ட நின்று படிக்கவும். செஸ் தெரியாதவங்களும் படிக்கலாம், ஒன்றும் கஷ்டம் இல்லை.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2022ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' படத்தை எங்கே பார்த்தாலும் ஒட்டியிருந்தார்களே, ஞாபகம் இருக்கா? அப்போதுதான் நான் காய் நகர்த்தவே கற்றுக்கொண்டேன். போன வருஷம் எட்டாம் வகுப்பில் வட்டார அளவிலான போட்டிக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தைதான். ராணியையும் மந்திரியையும் சீக்கிரமே வெளியே கொண்டு வந்து நாலே நகர்த்தலில் எதிராளியின் ராஜாவைப் பிடிப்பது. நம்ம வகுப்பில் அதை வைத்தே பாதிப் பேரை ஜெயித்திருக்கிறேன். அங்கே என் எதிரில் உட்கார்ந்த பையன் அதைப் பார்த்து அசரவே இல்லை. ஒரு சிப்பாயைத் தள்ளினான், என் ராணி ஓடியது. குதிரையைக் கொண்டு வந்தான், மறுபடியும் ஓடியது. நான் ராணியையே ஓட்டிக்கொண்டிருந்தேன், அவன் ஒவ்வொரு காயாக வெளியே கொண்டு வந்துகொண்டிருந்தான். கடைசியில் ராணிக்கு ஓட இடமே இல்லை. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

தோற்றதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "பொம்பளப் புள்ளைங்களுக்கு இதுக்கு வேண்டிய பொறுமை வராதும்மா, விடு" என்றார். திட்டிச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் ரொம்ப வலித்தது. வீட்டுக்கு வந்து போர்டைப் பரண் மேல் போட்டேன். ஆறு மாதம் தொடவே இல்லை.

கணக்கு டீச்சர்தான் ஒரு நாள் கூப்பிட்டு, "உலக சாம்பியன்னு பேர் வாங்கினவங்க எல்லாருமே கடைசில யார்கிட்டயாவது தோத்துதான் பட்டத்தை விட்டிருக்காங்க. எப்படித் தோத்தாங்கன்னு படிச்சுட்டு வந்து சொல்லு" என்றார். நூலகத்திலும் பழைய பேப்பரிலும், அப்பா போனிலும் தேடிப் படித்தேன். டீச்சர் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும் இருக்கிறது. சில பேர் தோற்காமலே பட்டத்தை விட்டிருக்கிறார்கள். அவர்கள் யார் என்று கீழே வரும், தேடிக் கண்டுபிடியுங்கள்.

ஆடும் பாணி என்றால் என்ன?

எங்கள் வீட்டு வாசலில் இன்று கோலம் போட்டது அம்மாவா அத்தையா என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும். அம்மா புள்ளியை எண்ணி வைப்பார், ஒரு கோடு கோணினால் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார். அத்தை புள்ளியே வைக்க மாட்டார். கை போன போக்கில் இழுப்பார், கோணினால் அதையே ஒரு பூவாக மாற்றிவிடுவார். ஒரே மாவு, ஒரே வாசல், கோலம் வேற. செஸ்ஸிலும் அப்படித்தான். எல்லோருக்கும் அதே 64 கட்டம், அதே 16 காய். ஆனா ஆட்டத்தை எழுதி வைத்த தாளைப் பார்த்தே இது இன்னார் ஆடியது என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்களாம்.

முதல் சாம்பியன் வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ். 1836ல் பிராக் நகரில் பிறந்தவர். 1886ல் அமெரிக்காவில் ஜூகர்டார்ட் என்பவரோடு மோதினார். முதல் ஐந்து ஆட்டத்தில் நான்கு தோல்வி! ஆனாலும் கடைசியில் 10 வெற்றி, 5 தோல்வி, 5 டிரா என்று ஜெயித்தார்.

இவரைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்றால் அந்தக் காலத்தில் எல்லாரும் என்னை மாதிரியேதான் ஆடிக்கொண்டிருந்தார்கள். ராஜாவைப் பார்த்து ஒரே பாய்ச்சல், காயை எல்லாம் காவு கொடுப்பது, கைதட்டு வாங்குவது. இளமையில் ஸ்டைனிட்ஸும் அப்படி ஆடியவர்தான். பிறகு 1870களில் தன் பாணியையே மாற்றிக்கொண்டார். அவர் சொன்னது இதுதான்: பலம் சமமாக இருக்கும்போது பாய்ந்தால் அந்தப் பாய்ச்சல் எடுபடாது. முதலில் சின்னச் சின்ன லாபங்களைச் சேர்க்க வேண்டும். நல்ல கட்டத்தில் ஒரு குதிரை, எதிராளிக்கு ஒரு நோஞ்சான் சிப்பாய், இந்த மாதிரி. அது போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் தாக்க வேண்டும். சேர்ந்த பிறகு தாக்காமலும் இருக்கக் கூடாது. மற்றவர்கள் இவரைக் கோழை ஆட்டக்காரர் என்று கேலி செய்தார்கள். இன்றைக்கு உலகமே அவர் சொன்னபடிதான் ஆடுகிறது. என் எதிரில் உட்கார்ந்த அந்தப் பையனும்தான்! அவனுக்கு ஸ்டைனிட்ஸ் பெயர் தெரியுமோ என்னவோ.

ஸ்டைனிட்ஸ் 1894ல் 58 வயதில் 25 வயது லாஸ்கரிடம் தோற்றார். 1900ல் நியூயார்க்கில் வறுமையில் இறந்துபோனார். இதைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இமானுவேல் லாஸ்கர் ஜெர்மானியர், கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1921 வரை 27 வருஷம் சாம்பியனாக இருந்தார். இவ்வளவு நீண்ட காலம் வேறு யாரும் இருந்ததில்லை. நிலைமை மோசமானாலும் விடாமல் போராடுவார், ஆட்டத்தைக் குழப்பிவிட்டு எதிராளியைத் தடுமாற வைப்பார்.

அவரைத் தோற்கடித்தவர் கியூபா நாட்டுக் கபாபிளாங்கா. நாலு வயதில் அப்பா ஆடுவதைப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, "நீங்க குதிரையைத் தப்பா வெச்சீங்க" என்று அப்பாவையே பிடித்தவராம். அவரே இதைச் சொல்லியிருக்கிறார். 1916லிருந்து 1924 வரை போட்டிகளில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அடேயப்பா! அவர் ஆட்டத்தில் ஆரவாரமே இருக்காது. காய்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு, போர்டு காலியான பிறகு ஒரு சிப்பாய் வித்தியாசத்தில் ஜெயித்துவிடுவார். கடைசிக் கட்ட ஆட்டத்தை முதலில் படியுங்கள் என்று சொன்னவர் அவர்.

1927ல் அர்ஜென்டினாவில் அலெகைனுடன் போட்டி. அதற்கு முன்னால் அலெகைன் அவரிடம் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததே இல்லை. அதனால் கபாபிளாங்காதான் ஜெயிப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அலெகைன் என்ன செய்தார் தெரியுமா? கபாபிளாங்காவின் ஆட்டங்களை எடுத்து வைத்து, தப்பே செய்யாதவர் எங்கே கொஞ்சம் அசட்டையாக இருக்கிறார் என்று தேடினார். 34 ஆட்டம் நடந்தது. அலெகைனுக்கு 6 வெற்றி, 3 தோல்வி, மிச்சம் 25ம் டிரா. பாய்ந்து தாக்குவதில் பெயர் வாங்கியவர் இந்தப் போட்டியில் பொறுமையாக ஆடி ஜெயித்தார். இதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். பாணி என்பது பிறவிக் குணம் இல்லை போலிருக்கிறது.

அலெகைன் 1935ல் மாக்ஸ் யூவே என்ற நெதர்லாந்துக்காரரிடம் தோற்று, 1937ல் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். 1946ல் சாம்பியனாக இருக்கும்போதே இறந்தார். யூவே யார் தெரியுமா? கணக்கு வாத்தியார்! ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தியவர். (கணக்கு டீச்சர் கவனிக்கவும்.)

வேரா மென்ச்சிக் கிளப்

இனி சொல்லப் போவதுதான் நான் இந்தக் கட்டுரை எழுதவே காரணம்.

பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1927ல் லண்டனில் நடந்தது. ஜெயித்தவர் வேரா மென்ச்சிக். 1906ல் மாஸ்கோவில் பிறந்து, பிறகு இங்கிலாந்துக்கு வந்தவர். 1929ல் கார்ல்ஸ்பாட் நகரில் பெரிய பெரிய ஆண் ஆட்டக்காரர்கள் ஆடிய போட்டிக்கு இவரையும் அழைத்தார்கள். ஆல்பர்ட் பெக்கர் என்பவர் கிண்டலாக ஒரு யோசனை சொன்னார். இந்தப் பெண்ணிடம் தோற்கிறவர்களை எல்லாம் சேர்த்து 'வேரா மென்ச்சிக் கிளப்' என்று ஒன்று ஆரம்பிக்கலாம் என்று. எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கிளப்பின் முதல் உறுப்பினர் யார்? அதே பெக்கர்தான்! வேராவிடம் தோற்றுப்போனார். பிறகு அந்தக் கிளப்பில் சேர்ந்தவர்களில் நம்ம கணக்கு வாத்தியார் யூவேயும் ஒருவர்.

வேராவின் பாணி எது என்று தேடிப் பார்த்தேன். பாய்ச்சல் இல்லை, படபடப்பு இல்லை. அமைதியாக உட்கார்ந்து, பலமான கட்டங்களைப் பிடித்து, கடைசிக் கட்டத்தில் ஜெயிக்கிற பாணி. அதாவது முழுக்க முழுக்கப் பொறுமை. அந்தப் பெரியவரைத் திரும்பப் பார்த்தால் சண்டை எல்லாம் போட மாட்டேன், இந்த ஒன்றை மட்டும் சொல்லுவேன்.

வேரா தன் பட்டத்தை யாரிடமும் இழக்கவே இல்லை. 1944 ஜூனில் இரண்டாம் உலகப் போரில் லண்டன் வீட்டின் மேல் ஜெர்மனியின் பறக்கும் குண்டு விழுந்து, அம்மா, தங்கையோடு சேர்ந்து இறந்தார். வயது 38.

அவருக்குப் பின் வந்தவர்களில் ஜார்ஜியா நாட்டு நோனா கப்ரின்டாஷ்விலி 1962லிருந்து 1978 வரை சாம்பியன். கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கிய முதல் பெண். ஹங்கேரியின் ஜூடித் போல்கர் பெண்கள் உலகப் பட்டத்துக்கு ஆடவே இல்லை, ஆண்களோடுதான் ஆடுவேன் என்று ஆடினார். 2002ல் மாஸ்கோவில் ஒரு வேக ஆட்டத்தில் காஸ்பரோவையே ஜெயித்தார். பெண்களின் ஆட்டத்தைப் பற்றி ஒரு காலத்தில் மட்டமாகப் பேசியவர் அந்தக் காஸ்பரோவ்! பிறகு கருத்தை மாற்றிக்கொண்டார். நம்ம சென்னை வைஷாலியும் கிராண்ட்மாஸ்டர். தம்பி பிரக்ஞானந்தாவும் கிராண்ட்மாஸ்டர். உலகத்திலேயே அக்கா தம்பி இரண்டு பேரும் கிராண்ட்மாஸ்டர் ஆனது அவர்கள் வீட்டில்தான் முதலில்.

புலியும் ஆடும்

1948ல் ஐந்து பேரை ஆட வைத்துப் புது சாம்பியனைத் தேர்ந்தெடுத்தார்கள். ரஷ்யாவின் போட்வின்னிக் ஜெயித்தார். மின் பொறியாளர். பரீட்சைக்குப் படிப்பது போல ஒவ்வொரு எதிராளியையும் படித்துவிட்டு வருவார். இடையில் 1957ல் ஸ்மிஸ்லோவிடம் தோற்று அடுத்த வருஷமே பட்டத்தைத் திரும்பப் பிடித்தார்.

1960ல் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தவர் லாட்வியாவின் மிகைல் தால், வயது 23. தால் ஆடுவதைப் படித்தால் நாடகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. குதிரையைத் தூக்கிக் கொடுப்பார், யானையைத் தூக்கிக் கொடுப்பார். ஆறாவது ஆட்டத்தில் 21வது நகர்த்தலில் தன் குதிரையைப் போய் வெட்டு வாங்கும் கட்டத்தில் வைத்தார். அரங்கத்தில் கூச்சல் அடங்கவே இல்லை. ஆடுகிறவர்களை வேறு அறைக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது. தால் ஜெயித்தார். பிறகு உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் அந்தக் குதிரைப் பலி சரியானது இல்லை, தடுத்திருக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். ஆனா கடிகாரம் ஓடும்போது தடுக்க முடியணுமே! போட்டியை தால் 12½-8½ என்று ஜெயித்தார். மறு வருஷம் போட்வின்னிக் அவரைப் படித்துவிட்டு வந்து 13-8 என்று ஜெயித்துவிட்டார். (ஆண்டுப் பரீட்சையில் விட்டதை மறுதேர்வில் பிடித்த மாதிரி.)

எனக்கு தாலைப் பிடிக்கும். ஆனா நான் ஆட வேண்டியது அடுத்தவர் மாதிரி. அவர்தான் டிக்ரான் பெட்ரோசியான்.

எங்கள் தாத்தா கோயில் திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் ஆடுவார். மூன்று புலி, பதினைந்து ஆடு. சின்னப் பசங்க எல்லாம் புலிதான் வேணும் என்று அடம் பிடிப்பார்கள், தாத்தா ஆட்டைத்தான் எடுப்பார். ஒவ்வொரு ஆடாக வைத்து வைத்துப் புலி நகர வழியில்லாமல் கட்டிவிடுவார். பெட்ரோசியான் ஆட்டம் அப்படியே தாத்தா ஆட்டம். ஆர்மீனியக் குடும்பம். சின்ன வயதிலேயே அப்பா, அம்மாவை இழந்து தெருக் கூட்டும் வேலை செய்தவர். ஆபத்து நமக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும், அது வருவதற்கு முன்பே அடைத்துவிடுவார். 1953ல் சூரிச்சில் ரெஷெவ்ஸ்கி என்பவரின் சிப்பாய்கள் நடுவில் உருண்டு வரும் போல இருந்தது. பெட்ரோசியான் தன் யானையை வேண்டுமென்றே மந்திரி வெட்டுகிற கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். எதற்கு? அந்தச் சிப்பாய்களுக்கு முன்னால் ஒரு குதிரையை நிறுத்திப் பாதையை அடைப்பதற்கு. ஆட்டம் டிரா. தால் ராஜாவைப் பிடிக்கக் காயைப் பலி கொடுப்பார், இவர் வீட்டைக் காக்கப் பலி கொடுப்பார். 1963ல் போட்வின்னிக்கை ஜெயித்து சாம்பியன் ஆனார். 1969ல் ஸ்பாஸ்கியிடம் இழந்தார்.

1972ல் ஐஸ்லாந்தில் ஸ்பாஸ்கியும் அமெரிக்காவின் பாபி ஃபிஷரும் மோதியதைப் பற்றித் தனியாக ஒரு சார்ட் வேண்டும். முதல் ஆட்டத்தில் ஃபிஷர் தோற்றார், இரண்டாவது ஆட்டத்துக்கு வரவே இல்லை. 0-2லிருந்து எழுந்து 12½-8½ என்று ஜெயித்தார். ஆறாவது ஆட்டத்தை ஃபிஷர் ஆடிய அழகுக்குத் தோற்ற ஸ்பாஸ்கியே கைதட்டினார்! ஆனா 1975ல் நிபந்தனைகளில் பிடிவாதம் பிடித்து ஃபிஷர் ஆட வராததால் பட்டம் கார்போவுக்குப் போனது.

அனடோலி கார்போவ் மலைப்பாம்பு மாதிரி, மெல்ல மெல்ல இறுக்குவார். அவரோடு 1984 செப்டம்பரில் மோத வந்தவர் காஸ்பரோவ், தாலைப் போலப் பாய்கிறவர். யார் முதலில் 6 ஆட்டம் ஜெயிக்கிறாரோ அவருக்குப் பட்டம். 9 ஆட்டத்துக்குள் கார்போவ் 4-0! இன்னும் இரண்டு போதும். காஸ்பரோவ் என்ன செய்தார்? பாய்வதை நிறுத்தினார். டிரா, டிரா, டிரா... வரிசையாக 17 டிரா. கார்போவ் ஐந்தாவது வெற்றியும் பெற்றுவிட்டார், ஆனா ஆறாவது வரவே இல்லை. காஸ்பரோவ் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜெயிக்க ஆரம்பித்தார். 48 ஆட்டம் ஆன பிறகு 1985 பிப்ரவரியில் போட்டியையே முடிவில்லாமல் நிறுத்திவிட்டார்கள். அதே வருஷ நவம்பரில் புதுப் போட்டியில் காஸ்பரோவ் 13-11 என்று ஜெயித்து 22 வயதில் சாம்பியன். அந்தப் 17 டிராவைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒரு புலி ஆடாக இருக்கப் படித்துக்கொண்ட நாட்கள் அவை. 2000ல் அவர் கிராம்னிக்கிடம் தோற்றபோது ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை. கிராம்னிக் 'பெர்லின் தடுப்பு' என்ற சுவரைக் கட்டி வைத்திருந்தார்.

நம்ம ஊர்க்காரர்கள்

விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தவர் அம்மா சுசீலா. அப்பா வேலைக்காக பிலிப்பைன்ஸில் இருந்தபோது, ஆனந்த் பள்ளியில் இருக்கும் நேரத்தில் டிவியில் செஸ் புதிர் போடுவார்களாம். அம்மா அதை எழுதி வைத்துக்கொண்டு மகன் வந்ததும் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்களாம். 1988ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். மின்னல் வேகம் அவர் பாணி. 2000ல் ஒரு முறை, பிறகு 2007, 2008, 2010, 2012 என்று மொத்தம் ஐந்து முறை உலகப் பட்டம். 2008ல் கிராம்னிக்கோடு ஆடும்போது, வழக்கமாக ராஜா முன்னால் உள்ள சிப்பாயை நகர்த்துகிறவர் ராணிச் சிப்பாயை நகர்த்தி எதிராளியின் தயாரிப்பையே வீணாக்கினார். 38 வயதில் ஆட்டத்தை மாற்றியிருக்கிறார், பாருங்கள்.

2013ல் சென்னையிலேயே நார்வேயின் கார்ல்சனிடம் தோற்றார். ஒன்றுமே இல்லாத சம நிலையையும் பிழிந்து பிழிந்து ஜெயிப்பவர் கார்ல்சன். 2021ல் துபாயில் ஒரு ஆட்டத்தை 136 நகர்த்தல், ஏழே முக்கால் மணி நேரம் ஆடி ஜெயித்தார். நம்ம பள்ளி காலை மணியிலிருந்து சாயந்திர மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்! பிறகு ஆர்வம் இல்லை என்று பட்டத்தை விட்டுவிட்டார். 2023ல் சீனாவின் டிங் லிரென் சாம்பியன்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். டிங்கும் சென்னையின் குகேஷும் 6½-6½. கடைசி ஆட்டம். குகேஷிடம் கறுப்புக் காய். ஒரே ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு, டிரா ஆகும் என்று எல்லாரும் சொன்ன நிலையில், விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55வது நகர்த்தலில் டிங் யானையை மாற்றிக்கொள்ள நீட்டினார். அங்கேதான் தப்பு. அவருடைய மந்திரி மூலைக் கட்டத்தில் மாட்டியிருந்தது. யானை போனதும் குகேஷ் மந்திரிக்கு எதிரே மந்திரியை வைத்தார், அதுவும் போனது. மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும்தான். கபாபிளாங்கா சொன்ன அதே கணக்கு, ஒரு சிப்பாய் கூடுதல். 18 வயதில் 18வது உலக சாம்பியன். காஸ்பரோவின் 22 வயது சாதனையும் போனது. போர்டு முன்னால் உட்கார்ந்து அவர் அழுததை அப்பா போனில் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

போர்டு பரணிலிருந்து இறங்கி நாலு மாதம் ஆகிறது. பத்தாம் வகுப்பு படிக்கும் என் பெரியப்பா பையன்தான் எங்கள் தெரு சாம்பியன். அவனிடம் இதுவரை பதினொரு ஆட்டம் ஆடி பத்தில் தோற்றேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆடியது டிரா. 61 நகர்த்தல். ராணியை நான் முதல் பத்து நகர்த்தலுக்குத் தொடவே இல்லை. "என்னடி இது, சுவத்துல முட்டுற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் காட்டுவேன்.

வட்டாரப் போட்டிக்கு இந்த வருஷமும் பெயர் கொடுத்திருக்கிறேன். பெண்கள் பிரிவில் நம்ம பள்ளியிலிருந்து இதுவரை என் பெயர் ஒன்றுதான் இருக்கிறது, இன்னும் மூன்று பேர் போகலாம். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்பமரத்தடித் திண்ணையில் போர்டு விரித்திருப்பேன். ஒரு வெள்ளை யானை தொலைந்துவிட்டது, அதற்குப் பதில் சாக்பீஸ் நிற்கும். அதை யாரும் எடுத்து எழுதிவிட வேண்டாம்.



ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி